அசெம்ப்ளிக்குள் நின்று பார்ட்டைத் திருத்தாதே



தம்பி, சித்தூர் மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்காக நீ வரைந்த கன்வேயர் மாடலைத் திறந்து பார்த்தேன். கழுவிய பழம் அடிபடாமல் தரம் பிரிக்கும் பெல்ட்டுக்கு இறங்கும் சரிவு பிரமாதம். அதில் நான் தொட ஒன்றுமில்லை. ஆனால் பேரிங் பிராக்கெட்டைப் பார்த்ததும் கோபம்தான் வந்தது. மோட்டார் இடிக்கிறது என்று, மேல் அசெம்ப்ளியில் இருந்தபடியே அதன் போல்ட் துளையை 12 மி.மீ. தள்ளிவிட்டாய். அதே ஃபைல்தான் கழுவும் கன்வேயரிலும் நான்கு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே எந்த மோட்டாரும் இடிக்கவில்லை. ஆனாலும் நான்கு துளையும் நகர்ந்துவிட்டன. போதாததற்கு, துளையின் இடத்தைக் குறிக்கும் அளவை மோட்டார் பேஸ் பிளேட்டின் விளிம்போடு கட்டிப்போட்டிருக்கிறாய். நாளைக்கு யாராவது பெரிய மோட்டார் மாட்டினால், பிராக்கெட்டை யாரும் தொடாமலே அது மறுபடி மாறும்.

பக்கச் சட்டத்தில் கேபிளுக்காக வெட்டிய ஓட்டை இதற்கு நேர்மாறான தப்பு. அதை அசெம்ப்ளியில் மட்டும் இருக்கும் வெட்டாகப் போட்டிருக்கிறாய். அது பார்ட் ஃபைலுக்குள் போகவே இல்லை, ஆகவே பார்ட் டிராயிங்கிலும் இல்லை. லேசர் கட்டிங் கடைக்காரர் ஓட்டை இல்லாத ஸ்டெயின்லெஸ் தகட்டைத்தான் அனுப்புவார். சைட்டில் ஃபிட்டர் கிரைண்டரை எடுப்பார். உணவு போகும் லைனில் அந்தப் பிசிறு விளிம்பைக் கழுவிச் சுத்தமாக வைக்க முடியாது. ஒரு திருத்தம் எல்லா இடத்துக்கும் போனது, இன்னொன்று எங்கேயுமே போகவில்லை. திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகின்றன, ஆபத்தே அதுதான்.

அசெம்ப்ளியைப் பார்க்காமல் எப்படி டிசைன் செய்வது என்பாய். பார்க்கத்தான் வேண்டும். பொதுவான மையக்கோடுகளையும் இடைவெளிகளையும் தனி ஸ்கெலிட்டன் ஃபைலில் வைத்து, எல்லாப் பார்ட்டும் அதிலிருந்து மட்டும் அளவெடுக்கட்டும். ஒரு பார்ட் இன்னொரு பார்ட்டின் விளிம்பைப் பிடிக்க வேண்டாம். டிசைன் ஃபைல்களை நிர்வகிக்கும் பிடிஎம் மென்பொருளில் லாக் இருக்கிறதே என்றால், அது இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதுவதைத்தான் தடுக்கும். லாக் வாங்கியவர் தப்பாக எழுதினால் அதையும் பத்திரமாகச் சேமித்துவைக்கும். அந்தப் பார்ட் எங்கெங்கே இருக்கிறது என்ற பட்டியலைத் திறந்து பார்ப்பது ஆள் செய்ய வேண்டிய வேலை.

டிராயிங் போர்டு காலத்தில் ஒரு துளை நகர்ந்தால் அது வரும் ஒவ்வொரு ஷீட்டையும் கையால் திருத்தி, மூலைக் கட்டத்தில் தேதியோடு கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாமதமே ஒரு சரிபார்ப்பாக இருந்தது. ஒரு அளவை மாற்றினால் அதைச் சார்ந்ததெல்லாம் தானே மாறும் பாராமெட்ரிக் மென்பொருள் 1980களின் கடைசியில் வந்து அந்தத் தாமதத்தை எடுத்துவிட்டது; சரிபார்ப்பும் கூடவே போய்விட்டது. திருத்தம் போய்ச் சேராத சிக்கலிலிருந்து பெரிய கம்பெனிகளும் தப்பவில்லை. ஏர்பஸ் ஏ380 விமானத்தில் ஜெர்மனியும் பிரான்சும் ஒரே கேட்டியா மென்பொருளின் வெவ்வேறு பதிப்பில் வேலை செய்தன. ஒன்றில் செய்த மாற்றம் இன்னொன்றில் சரியாக வந்து சேரவில்லை. ஒரு விமானத்துக்குச் சுமார் 530 கி.மீ. வயர்; ஹாம்பர்கில் செய்த வயர் கட்டுகள் துலூஸில் பொருத்தும்போது நீளம் போதாமல் நின்றன. 2006இல் டெலிவரி தேதிகள் அடுத்தடுத்துத் தள்ளிப்போயின.

இனி உன் பிராக்கெட்டுக்கு வருகிறேன். பழைய பிராக்கெட்டும் புதியதும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட முடியாதவை என்றால், ரிவிஷன் எழுத்தை மட்டும் மாற்றுவது போதாது, புதிய பார்ட் நம்பர் வேண்டும். இதில் நான் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தோத்தாபுரி மாம்பழ வரத்து ஜூனில் சூடுபிடித்துவிடும். அப்போது லைனை நிறுத்தித் துளை போட முடியாது. பழைய துளையை அதன் இடத்துக்கே திருப்பு, மோட்டார் பக்கத்து பிராக்கெட்டைப் புது நம்பரில் தனி ஃபைலாக்கு, கேபிள் ஓட்டையைச் சட்டத்தின் ஃபைலிலேயே வரை. இதை முடித்த பிறகு டிராயிங்கைக் கடைக்கு அனுப்பு.