குரங்கும் ஸ்பேனரும்: ஒரு பழைய விளையாட்டைப் பிரித்துப் பார்த்த கதை

தம்பிகளே, தங்கைகளே, உங்களில் எத்தனை பேருக்கு ‘மங்கி ஐலண்ட்’ தெரியும்? கை தூக்குகிறவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். அது உங்கள் அண்ணன்மார் காலத்து விளையாட்டு. துப்பாக்கி கிடையாது, ஓட்டம் கிடையாது. கைபிரஷ் என்ற ஒரு வெகுளிக் கடற்கொள்ளைக்காரன் ஊர் ஊராகப் போய்ப் புதிர்களை அவிழ்ப்பான், அவ்வளவுதான். அதன் இரண்டாம் பாகம் 1991இல் வந்தது.

பெரியப்பா வீட்டில் அண்ணன் கணினியில் நான் அதை விளையாடினேன். ஒரு தீவில் அருவிக்குப் பக்கத்தில் ஒரு பம்ப் இருக்கும். அதைத் திருகி மூடினால் தண்ணீர் நின்று, பின்னாலுள்ள குகை தெரியும். எதை வைத்துத் திருகுவது? பையிலிருந்த எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தேன் என்றுதான் நினைத்தேன். ஒரு பள்ளி விடுமுறை முழுக்க அங்கேயே நின்றேன். ‘நமக்கு மூளை இவ்வளவுதான் போல’ என்று விட்டுவிட்டேன். அந்த எண்ணம் ரொம்ப வருஷம் கூடவே இருந்தது, சும்மா சொல்லவில்லை.

வேலைக்குப் போன பிறகு ஒரு நாள் தோன்றியது: விடையைத் தேடிப் படிக்காமல், அந்த விளையாட்டையே பிரித்துப் பார்த்தால் என்ன? இதைத்தான் ரிவர்ஸ் என்ஜினியரிங் என்கிறார்கள். செய்து முடித்த பொருளை வைத்துக்கொண்டு, அதை எப்படிச் செய்திருப்பார்கள் என்று பின்னோக்கிக் கண்டுபிடிப்பது. பாட்டி வைத்த குழம்பை ருசி பார்த்தே என்னென்ன போட்டிருக்கிறார் என்று அம்மா சொல்லிவிடுவார் இல்லையா, அந்த வேலைதான்.

முதலில் ஒன்று. சொந்தமாக வாங்கிய பிரதியில் மட்டும் இதைச் செய்யுங்கள். 2010இல் வந்த சிறப்புப் பதிப்புக்குள்ளேயே பழைய விளையாட்டின் கோப்புகளும் இருக்கின்றன, விலையும் அதிகமில்லை. பிரித்து எடுத்த படங்களையும் இசையையும் யாருக்கும் அனுப்பி வைக்காதீர்கள். கற்றுக்கொள்வது வேறு, மற்றவர் உழைப்பை விநியோகம் செய்வது வேறு.

இனி வேலைக்கு வருவோம். விளையாட்டில் இரண்டு முக்கியக் கோப்புகள். ஒன்று சின்னது, அட்டவணை மாதிரி. இன்னொன்று பெரியது, எல்லாச் சரக்கும் அதில்தான். பெரியதை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தேன். முதல் நான்கு பைட்டுகள் %,*/ என்று நின்றன. குப்பை! ஆனால் கொஞ்சம் கீழே போனால் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஆங்கிலச் சின்ன ‘ஐ’ எழுத்து அங்கங்கே கூட்டம் கூட்டமாக நிற்கிறது. அந்த எழுத்தின் எண் 105.

இங்கேதான் யோசிக்க வேண்டும். இது போன்ற கோப்புகளில் நிறைய வருவது எது? பூஜ்யம். அளவு, இடம் போன்ற எண்களை நான்கு பைட்டில் எழுதும்போது முன்னாலோ பின்னாலோ பூஜ்யங்கள் நிற்கும். ஆக, பூஜ்யம்தான் 105 என்று வேஷம் போட்டு வந்திருக்கிறதோ? அப்படியானால் ஒவ்வொரு பைட்டையும் 105 உடன் ‘எக்ஸ்-ஆர்’ செய்திருக்கிறார்கள். எக்ஸ்-ஆர் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இரண்டு பிட்டுகள் ஒரே மாதிரி இருந்தால் 0, வேறு வேறாக இருந்தால் 1. அழகு என்னவென்றால், அதே எண்ணோடு இன்னொரு முறை செய்தால் பழையது திரும்பி வந்துவிடும். பூட்டும் சாவியும் ஒன்றுதான்.

% குறியின் எண் 37. பிட்டுகளாக 00100101. 105 என்பது 01101001. சேர்த்துப் பாருங்கள்: 01001100, அதாவது 76, ஆங்கிலப் பெரிய ‘எல்’. இப்படியே அடுத்த மூன்றும் ஈ, சி, எஃப். குப்பை இல்லை, பெயர்! பைத்தானில் பத்து வரி எழுதி முழுக் கோப்பையும் மாற்றினேன். திரையில் ஆங்கில வசனங்கள் வரிவரியாக ஓட ஆரம்பித்தன. ராத்திரி ஒரு மணி, வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள், கத்தவும் முடியவில்லை.

அதற்குப் பிறகு அமைப்பு தானாகப் பிடிபட்டது. நான்கெழுத்துப் பெயர், அடுத்து நான்கு பைட்டில் அளவு, அடுத்து சரக்கு. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி. நம் வீட்டுச் சாப்பாட்டு அடுக்குக் கேரியரை நினைத்துக்கொள்ளுங்கள். அளவு எழுதியிருப்பதால், உள்ளே இருப்பது புரியாவிட்டாலும் தாண்டிப் போய் அடுத்த பெட்டியைத் திறக்கலாம். ஒரு பெட்டியின் அளவு எப்போதும் 776 என்றே வந்தது. தலைப்புக்கு 8 போனால் 768. 768 என்பது 256 முறை 3. கண்டுபிடித்துவிட்டீர்களா? 256 வண்ணங்கள், ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம்.

அப்புறம் சறுக்கினேன். அறையின் அகலத்தைப் படித்தால் 16385 புள்ளிகள் என்று வந்தது. திரையே 320 புள்ளிதான்! என் நிரலில் தவறு தேடி மூன்று ராத்திரி போனது. கடைசியில் பார்த்தால் அந்த இரண்டு பைட்டுகள் 64, 1. நான் 64ஐப் பெரிய இடமாக வைத்துப் படித்திருக்கிறேன். திருப்பிப் படித்தால் 1 முறை 256, கூட்டு 64, சரியாக 320. பெட்டியின் அளவைப் பெரிய பைட்டிலிருந்து எழுதியவர்கள், உள்ளே இருக்கும் எண்களைச் சின்ன பைட்டிலிருந்து எழுதியிருக்கிறார்கள். ஒரே கோப்பில் இரண்டு பழக்கம்! முதல் பெட்டியில் கண்ட விதி கடைசி வரைக்கும் செல்லும் என்று நான் நம்பியதுதான் தவறு. அன்றிலிருந்து நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பத்தி போட்டேன். ‘நிச்சயம்’ ஒரு பக்கம், ‘ஊகம்’ ஒரு பக்கம்.

படங்களை 8 புள்ளி அகலமுள்ள நெடுக்குத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். 320 அகல அறைக்கு 40 துண்டு. அதை விரிப்பது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

நான் தேடி வந்தது புதிரை. அது ஸ்கிரிப்டுகளில் இருக்கிறது. 1987இல் ‘மேனியாக் மேன்ஷன்’ என்ற விளையாட்டுக்காக ரோன் கில்பர்ட்டும் ஆரிக் வில்மண்டரும் ‘ஸ்கம்’ என்றொரு மொழியை உருவாக்கினார்கள். கதையை அந்த மொழியில் எழுதினால் அது எண்களாக மாறிக் கோப்பில் உட்காரும். விளையாட்டு ஓடும்போது ஓர் இயக்கி அந்த எண்களை ஒவ்வொன்றாகப் படித்து நடத்திக் காட்டும். உதாரணமாக 26 வந்தால், ஒரு மாறியில் ஓர் எண்ணைப் போடு. 154 வந்தால், இன்னொரு மாறியில் உள்ளதை எடுத்துப் போடு. இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக 128, அதாவது மேல் பிட் ஒன்றுதான். ‘அடுத்து வருவது எண் இல்லை, மாறி’ என்று அந்தப் பிட் சொல்கிறது. ஆனால் 128 மட்டும் தனியாக வந்தால் பொருள் வேறு: ‘நான் கொஞ்சம் நிற்கிறேன், மற்ற ஸ்கிரிப்டுகள் ஓடட்டும்.’ விதி உண்டு, விலக்கும் உண்டு. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சின்னப் பட்டியல் இருக்கிறது. ‘திற’ என்றால் இங்கே போ, ‘தள்ளு’ என்றால் அங்கே போ. மொத்தம் ஒன்பது வினைச்சொற்கள் திரையில். பம்பின் பட்டியலில் ‘பயன்படுத்து’ என்ற வினையைப் பின்தொடர்ந்தேன். ஒரு நிபந்தனை. கையில் இருக்கும் பொருள் இதுவா? அந்த எண்ணுக்குரிய பெயரைத் தேடினேன்.

குரங்கு.

மதுக்கடையில் பியானோ வாசிக்கிற குரங்கு! அதன் மெட்ரோனோமில் வாழைப்பழத்தை வைத்தால் குரங்கு மயங்கி விறைத்து நிற்கும், தூக்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். அந்தக் குரங்கை வைத்துப் பம்பைத் திருக வேண்டுமாம். ஏன்? அமெரிக்காவில் திருகிச் சரிசெய்யும் ஒரு வகைச் சாவிக்கு ‘மங்கி ரெஞ்ச்’ என்று பெயர். வெறும் சொல் விளையாட்டு. நம் ஊரில் அப்பாவின் டூல்ஸ் பெட்டியில் இருப்பது ஸ்பேனர். ‘ஸ்பேனர் எடுத்துட்டு வா’ என்று கேட்டு வளர்ந்த பையனுக்குக் குரங்கு எப்படி ஞாபகம் வரும்? நாற்காலியில் சாய்ந்து ரொம்ப நேரம் சிரித்தேன். பன்னிரண்டு வயசுப் பையன் ஒருவனிடம் மன்னிப்புக் கேட்கவும் தோன்றியது.

இந்த வேலையை என்னைவிடப் பல மடங்கு நன்றாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த லுட்விக் ஸ்ட்ரிகியஸ் என்ற இளைஞர் 2001இல் தொடங்கிய ‘ஸ்கம்-விஎம்’ என்ற திட்டம், அந்தப் பழைய இயக்கியை முழுக்கப் புதிதாக எழுதியது. அதனால்தான் டாஸ் கணினிக்காகச் செய்த விளையாட்டு இன்று கைப்பேசியிலும் ஓடுகிறது. அவர்கள் விளையாட்டைக் கொடுப்பதில்லை, இயக்கியை மட்டும்தான். கோப்புகளை நீங்கள் கொண்டு வரவேண்டும். மூல நிரல் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. நான் அதைப் பார்த்தது என் நோட்டில் ‘ஊகம்’ பத்தி நிரம்பிய பிறகுதான். முதலிலேயே பார்த்திருந்தால் மூன்று ராத்திரி மிச்சம், ஆனால் 64, 1 எனக்கு மறந்து போயிருக்கும்.

உங்களுக்கு ஒரு பயிற்சி. பெரிய கோப்பில் முதல் பெயருக்குப் பிறகு நான்கு பைட்டு அளவு. அதன் முதல் பைட் ‘ஐ’ என்றே தெரியும், ஏன் என்று இப்போது சொல்லிவிடுவீர்கள். அதை அடுத்து வருவது %&// என்ற நான்கு குறிகள். எண்கள் 37, 38, 47, 47. பேனாவும் காகிதமும் போதும், 105 உடன் எக்ஸ்-ஆர் செய்து அந்தப் பெட்டியின் பெயரைக் கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு அறையும் கோப்பில் எங்கே தொடங்குகிறது என்ற பட்டியல் அதற்குள்தான் இருக்கிறது.