விண்கப்பலுக்கும் சர்வீஸ் ரெக்கார்டா?

கேள்வி: பட்டாசு லேபிள்களில் விண்வெளிப் போர்க்கப்பல் படம் போடுகிறோம். அவற்றின் பணி வரலாறு முழுக்கக் கற்பனைதானா?
- ஒரு வாசகர், ஆமத்தூர்

பதில்: கதை கற்பனை, அச்சு நிஜக் கடற்படை. 1966-ல் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' தொடரின் எண்டர்பிரைஸுக்கு, இரண்டாம் உலகப் போரில் ஓயாமல் போரிட்ட அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலின் பெயரைத்தான் வைத்தார்கள். கதையில் அந்த விண்கப்பல் அழிந்ததும் அடுத்த கப்பல் அதே பெயரில், அதே எண்ணோடு 'ஏ' சேர்த்து வரும்.

எனக்கோ நம் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தின் வரலாறே பெரிது. 1961 மார்ச் 4-ல் பெல்ஃபாஸ்டில் பணியில் சேர்ந்தது. 1971 பாகிஸ்தான் போரின்போது கொதிகலனில் விரிசல். முழு வேகம் எடுக்க முடியாது. விமானத்தை உந்தி ஏவும் கருவிக்கும் நீராவிதான் வேண்டும். இருந்தும் டிசம்பர் 4-ல் அதன் சீ ஹாக் விமானங்கள் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரைத் தாக்கின. அந்தத் துணிச்சலுக்கு எந்தத் திரைக்கதையும் ஈடாகாது.

1997 ஜனவரி 31-ல் ஓய்வு. மும்பையில் அருங்காட்சியகமாக நின்றதை 2014-ல் உடைத்தது எனக்கு இன்றும் ஆறவில்லை. 2022 செப்டம்பர் 2-ல் கொச்சியில் பணியேற்ற புதிய விக்ராந்துக்கும் பழைய எண்தான்: ஆர்11.