சிறு தொழிலும் சர்க்கார் மானியமும்

கிராமத்தில் சிறு தொழில் தொடங்க விரும்புவோருக்கு மூலதனக் குறைவே முதல் தடையாகும். இத்தடையை நீக்கச் சர்க்கார் முன்வருவது புதிதன்று. சென்னை ராஜதானியில் 1922-ஆம் ஆண்டின் கைத்தொழில் உதவிச் சட்டம் அதற்கு வழி செய்தது. பின்னர் 2008-இல் இந்திய சர்க்கார் பிரதம மந்திரி வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தை ஏற்படுத்தி, அதனை நடத்தும் பொறுப்பைக் கதர் கிராமத் தொழில் கமிஷனிடம் ஒப்புவித்தது. இதன்கண் கிடைக்கும் மானியத்தை இனாம் என்று எண்ணி இடருறுவோர் உளர். ஆதலின் அதன் கணக்கைச் சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிதல் அவசியம்.

கிராமவாசி ஒருவர் எண்ணெய்ச் செக்கு வைக்க ரூ. 4,00,000 தேவை என்று கொள்வோம். இதில் நிலத்தின் விலை சேராது. அவர் பொதுப் பிரிவினராயின் 100-க்கு 10 வீதம் ரூ. 40,000 தாமே இடவேண்டும். மீதி ரூ. 3,60,000 பாங்கிக் கடன். மானியம் 100-க்கு 25 வீதம் ரூ. 1,00,000. பெண்கள், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர், பிற்பட்டோர், சிறுபான்மையோர் முதலியோர் 100-க்கு 5 வீதம் இட்டாற் போதும். அவர்க்கு மானியம் 100-க்கு 35.

இனிக் கவனிக்கவேண்டியது யாதெனில், மானியம் கைக்கு வருவதன்று. அது கடன் கொடுத்த பாங்கியிலேயே மூன்றாண்டு டிபாசிட்டாக நிற்கும். அத்தொகைக்கு வட்டி கிடையாது. கடனில் அதற்கு ஈடான பகுதிக்கும் வட்டி இல்லை. ஆகவே நம் உதாரணத்தில், மானியம் பாங்கிக்கு வந்தபின், அவர் ரூ. 2,60,000-க்கு மேல் வட்டி செலுத்த வேண்டுவதில்லை. மூன்றாண்டு கழித்துத் தொழில் நடப்பதை நேரிற் பார்வையிட்ட பின்னரே மானியம் கடனிற் கழிக்கப்படும். இடையில் யந்திரத்தை விற்றுத் தொழிலைக் கைவிட்டால், மானியம் சர்க்காருக்குத் திரும்பிவிடும். கடன் மட்டும் குடும்பத்தின் தலைமேல் நிற்கும்.

மானியத்தில் பங்கு கேட்டு, "வாங்கித் தருகிறேன்" என்று வரும் தரகரை அணுகவிடலாகாது. இத்திட்டத்தில் தரகருக்கு இடமே இல்லை. மனுவிற்குக் கட்டணமும் இல்லை.

எனவே மனு எழுதுமுன், வேர்க்கடலை எங்கே கிடைக்கும், எண்ணெயையும் பிண்ணாக்கையும் வாங்குவோர் யார், மழையில்லாத ஆண்டில் தவணையை எவ்வாறு கட்டுவது என்பவற்றைச் சங்கக் கூட்டத்தில் பலரறிய ஆராய்க. மானியம் கடனைக் குறைக்கும், தொழிலை நடத்தாது. அதனை நடத்துவது உடையவரின் உழைப்பும் கணக்குமேயாம்.

அப்பியாசம்: மேற்கூறிய செக்கினைப் பெண் ஒருவர் வைப்பின், அவர் இடவேண்டிய தொகை, பாங்கிக் கடன், மானியம் இவை எவ்வளவு?

விடை: ரூ. 20,000, ரூ. 3,80,000, ரூ. 1,40,000.