புரை நீங்கிய கண்: எந்த மங்கலுக்குக் காத்திருக்கலாம்?

கண்புரை அறுவைசிகிச்சைக்கு மறுநாள் காலை கட்டை அவிழ்த்ததும், "இன்னும் மூட்டமாகத்தானே இருக்கிறது?" என்று சிலர் கலங்குகின்றனர். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்லும்போது இக்கலக்கம் இயல்பே.

முற்றிய புரையை உடைத்து எடுக்கையில், கண்ணின் முன்புறம் கண்ணாடிபோல் அமைந்த கருவிழி சற்று வீங்குகிறது. அவ்வீக்கம் சிலருக்குச் சில நாட்களிலும், புரையை நெடுங்காலம் முற்றவிட்டவர்களுக்குச் சில வாரங்களிலும் வடியும். நாளுக்கு நாள் தெளிந்துவரும் இந்த மங்கலுக்குக் காத்திருக்கலாம். வெள்ளை வேட்டி நீலம் போட்டதுபோல் தெரிவதும் குறையன்று. பழுத்து மஞ்சளித்த பழைய வில்லை அந்நிறத்தை இதுவரை மறைத்திருந்தது.

காத்திருக்கக் கூடாத மங்கல் வேறு. தெளிந்த பார்வை மீண்டும் குறைந்து, வலியும் சிவப்பும் இமைவீக்கமும் சேருமாயின் கண்ணுக்குள் கிருமி புகுந்திருக்கக் கூடும். இது அரிது, பெரும்பாலும் முதல் வாரத்தில் நேர்வது, சில மணி நேரத் தாமதமும் பார்வையைப் பறித்துவிடலாம். சோழபுரத்தில் இருப்பவர், மகன் மில் ஷிப்டு முடிந்து வரட்டும், விடிந்ததும் முதல் பேருந்தில் ராஜபாளையம் போகலாம் என்று எண்ணலாகாது. அன்றிரவே புறப்படுக.

நம் வீட்டுப் பெரியவர்களின் நினைவும் சில வேளை வழிதவறச் செய்கிறது. அக்காலத்தில் வில்லையை முழுவதுமாக எடுத்துவிட்டு, நோயாளியை அசையாமல் படுக்கவைத்து, பிறகு சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்தனர். கண்ணுக்குள் செயற்கை வில்லையை முதன்முதலில் 1949இல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி பொருத்தினார். எனினும் அதன் விலை ஏழைகளுக்கு எட்டவில்லை. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் சார்பில், 1992இல் ஆரோலேப் அவ்வில்லையை இங்கேயே செய்யத் தொடங்கிய பின்னரே அது எளியோர்க்கும் கிட்டியது. இன்று வெட்டு மிகச் சிறியது. பெரும்பாலும் தையலும் இல்லை. மறுநாளே நடமாடலாம். ஆனால் புண் புண்தான். தலைக்குக் குளிப்பதும், பஞ்சுத்தூசு பறக்கும் மில்லுக்குத் திரும்புவதும் மருத்துவர் சொன்ன பிறகே. விளக்கெண்ணெயோ தாய்ப்பாலோ கண்ணில் விடவே கூடாது.

சொட்டு மருந்தைப் பற்றி வீட்டாருக்கு ஒரு சொல். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கீழிமையைத் தாழ்த்தி, புட்டியின் முனை கண்ணில் படாமல் ஒரு சொட்டு விடுக. அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் இடைவெளி தேவை. கண் வெளுத்துவிட்டது என்று தாமாகவே நிறுத்துவோர் பலர். ஸ்டீராய்டு மருந்தைப் படிப்படியாகக் குறைக்காமல் நிறுத்தினால் உள்ளழற்சி திரும்பலாம்.

மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, வலியின்றி மெல்ல மங்கினால், "புரை மறுபடியும் வளர்ந்துவிட்டது" என்பார்கள். எடுத்த புரை வளர்வதில்லை. புதிய வில்லையைத் தாங்கும் மெல்லிய உறையின் பின்புறம் படலம் படிந்திருக்கலாம். பரிசோதனையில் அதுவே காரணம் என்று தெரிந்தால், லேசர் ஒளியால் சில நிமிடங்களில் அதில் வழி திறக்கலாம். கத்தியும் இல்லை, வில்லையை மாற்றவும் வேண்டியதில்லை.