மூலிகைக் குடிநீரும் மணமூட்டிய தேயிலையும்: வீட்டிலேயே சுவை ஒப்பிடும் முறை

திண்டுக்கல் ஜில்லா எரியோட்டைச் சுற்றியுள்ள மானாவாரி நிலங்களின் வரப்புகளிலும் தரிசுகளிலும் ஆவாரை தானாகவே வளர்ந்து பூக்கிறது. துளசியும் முருங்கையும் இல்லாத கொல்லைகள் அரிது. இவற்றின் பூவையும் இலையையும் உலர்த்திப் பொட்டலங் கட்டி, மூலிகைத் தேநீர் என்னும் பெயரால் விற்றால் லாபம் கிடைக்கும் என்ற எண்ணம் குடியானவர் பலரிடத்தும் பரவியிருக்கிறது. எண்ணம் தவறானதன்று. ஆயினும், உலர்த்தும் கொட்டகைக்கும் டப்பாக்களுக்கும் ஆட்கூலிக்கும் பணம் செலவிட்ட பிறகு, சரக்கில் வைக்கோல் வாடை வீசுகிறது என்று வியாபாரி திருப்பி அனுப்புவாராயின், நஷ்டம் முழுவதும் குடியானவரையே சேரும். முதலில் ஒரு கூடை இலையை மட்டும் உலர்த்தி, அதனை வீட்டிலேயே முறைப்படி சுவைத்துப் பார்த்தால் இந்நஷ்டத்தைத் தவிர்க்கலாம். அம்முறை கீழே விவரிக்கப்படுகிறது.

1. தேயிலை வேறு, மூலிகை வேறு

தேயிலை என்பது ஒரு தனிச்செடியின் கொழுந்து. அதனை வாடவைத்து, உருட்டி, காற்றுப்படச் சிவக்கவிட்டு, பிறகு சூட்டில் உலர்த்தினால் கடைகளில் விற்கும் கறுப்புத் தேயிலை ஆகிறது. நீலகிரியிலும் வால்பாறையிலும் பெரும்பாலும் இவ்வகையே தயாராகிறது. இதனுடன் ஏலம், இஞ்சி, பூ முதலியவற்றின் மணத்தைச் சேர்த்தால் அது மணமூட்டிய தேயிலை. ஆவாரம்பூ, துளசி, முருங்கையிலை முதலியவற்றில் தேயிலை சிறிதும் இல்லை. ஆகையால் தேயிலைக்குரிய உற்சாகமூட்டும் சத்தும் அவற்றில் இராது. 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளும் தேயிலைச் செடியிலிருந்து வந்ததையே தேயிலை என்கின்றன. எனவே மூலிகையை மூலிகைக் குடிநீர் என்று சொல்லி விற்பதே நேர்மையும் பத்திரமும் ஆகும். சுவை பார்க்கும்போதும் மூலிகையை மூலிகையோடும், தேயிலையைத் தேயிலையோடும் ஒப்பிடவேண்டுமேயன்றி, ஒன்றின் குணத்தை மற்றொன்றில் தேடலாகாது.

2. அளவும் நேரமும்

தேயிலையைச் சுவைக்க நீர் இறக்கும் முறையைப்பற்றி 1980-ஆம் ஆண்டில் சர்வதேசத் தரநிர்ணய ஸ்தாபனம் ஒரு விதி வெளியிட்டது. 100 மில்லி லிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, மூடிவைத்து 6 நிமிஷம், பிறகு வடித்தல். இவ்வளவே அதன் சாரம். நல்ல பானம் தயாரிப்பது இதன் நோக்கமன்று. எல்லாக் கோப்பைகளும் ஒரே முறையில் தயாரானால்தான் இலையின் பேதம் தெரியும் என்பதே நோக்கம்.

இவ்வளவைக் கரண்டியால் எடுப்பது பெரும் பிழை. ஒரு கரண்டி தேயிலைத்தூளும் ஒரு கரண்டி உலர்ந்த ஆவாரம்பூவும் எடையில் வெகுவாக மாறுபடும். ஆகவே சிறு தராசில் நிறுத்தே போடல் வேண்டும். இலையையும் பூவையும் மேற்கூறியபடி ஊறவிடலாம். சுக்கு, மல்லிவிதை போன்ற கடினமான சரக்குகளை நசுக்கிச் சற்றுநேரம் கொதிக்கவிட்டாலன்றிச் சாரம் இறங்காது. ஆதலால் இவற்றைத் தனி வரிசையாக வைத்துக்கொள்க.

3. தண்ணீர்

எரியோட்டுப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றின் நீர் கடினமானது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த நீரில் இறக்கிய கறுப்புத் தேயிலை நிறம் மங்கி, மேலே மெல்லிய ஆடை படியும்; மணமும் எடுபடாது. இலை நல்லதாயிருந்தும் நீரால் பழி சுமப்பதுண்டு. அதே தேயிலையை ஒரு கோப்பை கிணற்று நீரிலும், மற்றொரு கோப்பை சுத்தமாகப் பிடித்து வடிகட்டிக் கொதிக்கவைத்த மழைநீரிலும் இறக்கிப் பார்த்தால் இவ்வுண்மை எளிதில் விளங்கும். பிறகு எந்த நீரை எடுத்தாலும் எல்லாக் கோப்பைகளுக்கும் அதே நீரையே வார்க்கவேண்டும்.

4. சுவைக்கும் முறை

காலை ஆகாரம் முடிந்து ஒன்றிரண்டு மணி கழித்துச் சுவைப்பது சிலாக்கியம். வெற்றிலை, புகையிலை போட்டவரும், காரக்குழம்பு உண்டெழுந்தவரும் அச்சமயம் விலகியிருக்கவேண்டும். கோப்பைகள் ஒரே மாதிரியானவையாக இருத்தல் அவசியம். அடியில் எண் எழுதி ஒட்டி, எது எதுவென்று ஒருவர் மட்டுமே அறிந்திருக்க வேண்டும். பாலும் சர்க்கரையும் இன்றி முதலில் பார்க்கவேண்டும். அவை குறைகளை மறைத்துவிடும். மணத்தை முகர்ந்து, நிறத்தைப் பார்த்து, ஒரு வாய் உறிஞ்சி நாக்கு முழுவதும் படவிட்டு, பின்னர் வெறுந்தண்ணீரால் வாய் கொப்பளிக்க வேண்டும். மென்மையானதை முதலிலும் சுக்கு போன்ற உறைப்பானதைக் கடைசியிலும் வைப்பது வழக்கம்.

இரண்டு சரக்குகளுக்குள் மெய்யான வேற்றுமை உண்டா என்றறிய மூன்று கோப்பைப் பரீட்சை உதவும். இரண்டு கோப்பைகளில் ஒரே சரக்கும், மூன்றாவதில் வேறு சரக்கும் ஊற்றி, வேறானது எது என்று கேட்கவேண்டும். குருட்டாம்போக்கில் சொல்பவருக்கும் மூன்றில் ஒரு தடவை சரியாக வாய்க்கும். ஆதலின் ஒருவர் சொல்லைக்கொண்டு முடிவு செய்யலாகாது. ஆறு பேரில் ஐவர் சரியாகச் சொன்னால் வேற்றுமை உண்டென்று கொள்ளலாம். வெறும் ஊகத்தால் அவ்விதம் நேர்வது நூற்றுக்கு இரண்டு தடவைக்கும் குறைவே. நிழலில் உலர்த்தியதையும் வெயிலில் உலர்த்தியதையும் ஆறு பேராலும் பிரித்தறிய முடியாவிடில், நிழற்கொட்டகைக்குப் பணம் செலவிடுவதைச் சற்றே ஒத்திவைக்கலாம். நிறமும் விலையைத் தீர்மானிக்குமாகையால், அதனையும் கருதவேண்டும்.

5. குறைகளும் அவற்றின் காரணங்களும்

கோப்பையில் தெரியும் குறை பெரும்பாலும் உலர்த்துங் களத்தில் நேர்ந்ததாகும்.

வைக்கோல் வாடை: கடும் வெயிலில் காய்ந்தது. துளசியின் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெயைச் சார்ந்தது; வெயில் அதனைக் கொண்டுபோய்விடும்.

பூசண வாடை: ஈரம் முற்றிலும் நீங்குமுன் கட்டியது. இலையைக் கசக்கினால் பொடியாகவும், காம்பை வளைத்தால் ஒடியவும் வேண்டும். பூசணம் கண்டதைக் கலந்து விற்காமல் எறிந்துவிடுக.

புகை வாடை: அடுப்படியில் பரப்பியது.

மிஞ்சிய துவர்ப்பு: ஆவாரம்பூவோடு காம்பும் இலையும் கலந்தது. ஆவாரம்பட்டை தென்னாட்டில் நெடுங்காலம் தோல் பதனிடப் பயன்பட்டது அச்செடியின் துவர்ப்பினாலேயே. இதழை மட்டும் ஆய்ந்தெடுத்தால் சுவை மென்மையாகும்.

பச்சை வாடை: முருங்கைக்கு ஓரளவு இயல்பானது. எலுமிச்சைச் சாறும் இஞ்சியும் அதனை அடக்கும்.

சுக்கு பச்சை இஞ்சியினும் உறைப்பது குறையன்று. உலரும்போது இஞ்சியின் காரச்சத்து மாறி வலுப்பதே அதன் காரணம்.

6. பூமணம் ஏற்றுதல்

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை மலிவான நாட்களில் தேயிலைக்கு மணம் ஏற்றலாம் என்று சிலர் கருதுகின்றனர். சீனாவில் மாலையில் மொட்டுகளைத் தேயிலையோடு கலந்து வைத்து, இரவில் அவை மலர்ந்து மணம் ஏறியபின் பூவை நீக்கி, தேயிலையை மறுபடி உலர்த்துகின்றனர். முறை எளிது. ஆனால் மாலைக்கென வளர்க்கும் மல்லிகைக்கு மொட்டுப்புழுவின்பொருட்டுப் பூச்சிமருந்து பலமுறை தெளிக்கப்படுகிறது. அப்பூ ஆகாரத்திற்கு உதவாது. மருந்து தெளிக்காமல் தனியாக வளர்த்த செடியின் பூவையே எடுத்தல் வேண்டும். சாலையோரத்துத் தூசி படிந்த ஆவாரம்பூவும் விலக்கத்தக்கதே.

7. எச்சரிக்கை

ஆவாரம்பூ நீர் சர்க்கரை வியாதியைத் தீர்க்கும் என்று பொட்டலத்தின்மேல் எழுதி விற்பது தகாது. அதனை நம்பி ஒருவர் மருந்தை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகும். மருந்து உட்கொள்வோர் வைத்தியரைக் கேட்டே பருகவேண்டும். ஆவாரையின் இனமான நிலாவரை பேதி மருந்து, தெரியாமல் கலந்துவிடலாகாது. கறுப்புத் தேயிலையின் துவர்ப்புச் சத்து, ஆகாரத்திலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். ஆகையால் ரத்தசோகையுள்ள பெண்கள் சாப்பாட்டிற்கு ஒரு மணி நேரம் முன்னோ பின்னோ தேநீர் அருந்துவதே நலம். தேயிலைத்தூளை நனைத்த மைஒற்றுத்தாளில் தூவி, பளிச்சென்ற சிவப்புக்கறை உடனே பரவினால் சாயம் கலந்தது என்று ஐயுறவேண்டும்.

ஒவ்வொரு பரீட்சையின் முடிவையும் பறித்த நாள், உலர்த்திய முறை, எடை, நீர், சுவைத்தோர் கருத்து என்னும் தலைப்புகளில் எழுதிவைத்தல் வேண்டும். அடுத்த மகசூலுக்கு அக்குறிப்பே வழிகாட்டும். கிராம அலுவலர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினரை ஒருநாள் கூட்டி இம்மூன்று கோப்பைப் பரீட்சையை நடத்திக் காட்டுவார்களாயின், விற்கத்தக்க சரக்கு எது, வீட்டோடு நிற்கவேண்டியது எது என்று ஊரே தெரிந்துகொள்ளும். விற்பனை தொடங்குமுன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வது அவசியம்.