காட்டாற்றைக் கடக்கும் முறை

மூட்டையை முதுகிற் கட்டிக்கொண்டு மலைவழியே கால்நடையாய்ச் செல்வோர்க்கு நேரும் அபாயங்களுள் காட்டாற்று வெள்ளம் முக்கியமானது. மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள சதுரகிரிக்குத் தாணிப்பாறை வழியாய் ஏறுவோர் ஓடைகளைக் கடந்தே செல்லவேண்டும். 2015-ஆம் வருஷம் மே மாதத்தில் அம்மலையில் திடீரெனப் பெருகிய வெள்ளத்தால் யாத்திரிகர் பலர் உயிரிழந்தனர். நம் சங்கத்து அங்கத்தினரிலும் மலை யாத்திரை செல்வோர் பலராதலின் இவ்விஷயம் ஈண்டு விளக்கப்படுகிறது.

ஜலத்தின் வேகம் இரு மடங்கானால், அது காலைத் தள்ளும் பலம் நான்கு மடங்காகும். வேகம் மும்மடங்கானால் பலம் ஒன்பது மடங்காகும். அன்றியும், ஆழம் ஏற ஏற ஜலம் உடலை மேலே தூக்குவதால் கால் தரையில் ஊன்றுவது குறைகிறது. ஆகையால் இறங்குமுன் ஒரு சுள்ளியை நடு ஓட்டத்தில் எறிந்து, கரையோரமாய் அதனுடன் நடந்து பார்க்கவேண்டும். விரைவாய் நடந்தும் அதனை எட்ட இயலாவிடில், அல்லது வேகமுள்ள ஜலம் முழங்காலுக்கு மேற்படுமாயின், இறங்கலாகாது. ஜலம் திடீரெனக் கலங்கினாலும், சருகும் கட்டையும் மிதந்து வந்தாலும், மேலே மழை பெய்தது என்று அறிந்து உடனே மேட்டிற்கு ஏறிவிடவேண்டும்.

கடக்குமிடம் அகன்றும் ஆழமின்றியும் இருத்தல் நன்று. ஒடுங்கிய இடத்தில் ஆழமும் வேகமும் மிகுதி. அருவிக்கும் விழுந்து கிடக்கும் மரத்திற்கும் சற்று மேற்புறத்தில் ஒருபோதும் இறங்கலாகாது.

இறங்குமுன் மூட்டையின் இடுப்புவாரையும் மார்புவாரையும் அவிழ்த்து, தோள்வாரைத் தளர்த்திக்கொள்ளவேண்டும். இதுவே மிக அவசியம். அவிழாத வார் விழுந்தவனை எழவொட்டாது அமிழ்த்திவிடக்கூடும். இடுப்பிற் கயிறு கட்டிக்கொள்வதும் அவ்வாறே ஆபத்தாய் முடியும். பாதரட்சையைக் கழற்றாமல், உறுதியான கழியொன்றை மேற்புறத்தில் ஊன்றி, ஓட்டத்தை நோக்கி நின்று, பக்கவாட்டில் சிற்றடியாய் நகர்க. கழியும் இரு காலும் ஆகிய மூன்றில் ஒன்றையே ஒரு சமயத்தில் பெயர்க்கவேண்டும். பலர் செல்லின், பலசாலி ஒருவர் கழியுடன் மேற்புறம் நிற்க, மற்றையோர் அவர் பின்னே வரிசையாய் ஒருவரை ஒருவர் பற்றிக்கொண்டு, இளைத்தவரை நடுவில் வைத்து, ஒருங்கே நகரலாம்.

கால் தவறி அடித்துச் செல்லப்பட்டால், மூட்டையை உதறிவிட்டு மல்லாந்து, பாதங்களை ஓட்டத்தின் திசையில் நீட்டிக் கரையை நோக்கிக் கைகளால் துழாவுக. ஆழம் குறையுமுன் எழுந்து நிற்க முயலலாகாது. கால் பாறையிடுக்கில் சிக்கிக்கொள்ளும்.

பெரும்பாலோர் முறையறியாமல் மட்டும் இறங்குவதில்லை. விசேஷ நாள் தவறுமே, ஊருக்குத் திரும்பும் பஸ் போய்விடுமே என்ற பதற்றத்தால் இறங்குகின்றனர். மழையால் ஏறிய மலையோடை, மழை நின்றபின் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். பதறாத காரியம் சிதறாது. ஆதலின் கூட்டமாய்ப் புறப்படுவோர் ஊரிலேயே தம்முள் ஒருவரைத் தலைவராய்க் கொண்டு, "திரும்புவோம்" என்று அவர் சொன்னால் மறுப்பின்றித் திரும்புவதென்று உடன்பட்டுச் செல்வாராக.