தட்டுக்குள் ஒரு ஸ்புரூஸ் காடு

கேள்வி: ஸ்புரூஸ் நாற்றுகளை வைத்தே போன்சாய் காடு அமைக்கலாமா, முதிர்ந்த மரங்கள்தான் வேண்டுமா?

பதில்: நாற்றே போதும், சொல்லப்போனால் அதுதான் வசதி. வேர் சின்னது, ஆழமில்லாத தட்டில் நெருக்கி நடலாம். ஜப்பானின் ஓமியா போன்சாய் கிராமத்துக் கலைஞர் சபுரோ காட்டோ (1915–2008) எஸோ என்ற ஸ்புரூஸ் வகைக் காடுகளுக்கே பேர்போனவர்.

எல்லாம் ஒரே உயரமாக வாங்கிவிடாதீர்கள். அது காடாகாது, வேலியாகும். தடித்த, உயரமான நாற்றை நடுவிலிருந்து சற்று விலக்கி முதலில் நடுங்கள். மற்றவை அதைச் சுற்றி, இடைவெளி ஒன்றுபோல இல்லாமல். முன்னால் நின்று பார்க்கையில் ஒரு தண்டு இன்னொன்றை மறைக்கக் கூடாது. வேரை முழுக்கக் கழுவாதீர்கள். பழைய மண் கொஞ்சம் ஒட்டியிருக்கட்டும். நடவு வசந்தத் தொடக்கத்தில், மொட்டு விரியும் முன். மரங்கள் ஆடாதபடி கம்பியால் தட்டோடு கட்டிவிடுங்கள்.

நம் சமவெளி மொட்டைமாடியிலா? வேண்டாம். குளிர்கால உறக்கம் இல்லாமல் ஸ்புரூஸ் தாங்காது. சவுக்கு நாற்றில் கைபழகுங்கள்.